வெள்ளைக்கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே

அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுத்துப் புழங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. போலீஸ் பயிற்சிப் பள்ளியில் அதிகாரி முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் சடன் பிரேக்தான். மரியாதை தெரிந்தவர்கள் பின்னால் ஓர் அண்ணனை ஒட்டிக்கொள்வார்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது? மற்ற டிரைவர்களுக்கு வண்டி ஓட்டுவதற்குச் சம்பளம். இவருக்கு நிறுத்துவதற்கு.

அந்தப் பள்ளியில் சாலை விபத்து ஆய்வு என்று ஒரு படிப்பு நடந்தது. ஸ்டேஷன்களிலிருந்து ஆட்களை அனுப்புவார்கள். எங்காவது ஒரு மோதல் நடந்தால், அங்கே போய் நின்று, சிதறிய கண்ணாடி, நசுங்கிய தகரம், தாரில் விழுந்த டயர் தடம் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். வண்டி என்ன வேகத்தில் வந்தது, ஓட்டியவன் எங்கே ஆபத்தைப் பார்த்தான், எங்கே பிரேக்கை மிதித்தான் என்று கோர்ட்டில் நின்று சொல்லத் தெரிய வேண்டும். வெறும் வாயால் இதைச் சொல்லிக்கொடுத்துவிட முடியுமா? தடம் வேண்டும். அதற்காகப் பள்ளிக்குப் பின்னால் கேட் போட்டு அடைத்த ஒரு நேர் ரோடு, ஒரு பழைய வெள்ளைக் கார், ஒரு சடன் பிரேக் என்று மூன்று சொத்துகள் இருந்தன. இந்தக் காலத்து வண்டிகளில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, தடமும் ஒழுங்காக விழாது. ஆகவே அந்தக் கிழட்டுக் காரை யாரும் ஏலத்தில் விடவில்லை. பக்கத்து சீட்டுக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும் என்பதைத் தவிர அதில் குறை ஒன்றும் இல்லை. சடன் பிரேக்கிடமும் குறை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பாடம் நடத்துகிறவர் மாஸ்டர். பழைய இன்ஸ்பெக்டர், தொண்டை பெரிது, மனசும் பெரிதுதான், ஆனால் தொண்டை முந்திக்கொள்ளும். படிப்பில் சேர வருகிறவர்களுக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆபீஸ் அக்கா பெயரைப் பதிவு செய்வதற்கு முன்னால், ஒவ்வொருவரும் அந்தக் காரில் சடன் பிரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போய்வர வேண்டும். நல்ல வேகத்தில் போகும்போது, சொல்லாமல் கொள்ளாமல் பிரேக் விழும். அந்த நேரத்தில் கண்ணை மூடியவருக்கு இன்னொரு சுற்று உண்டு. கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் ஆபீசுக்குள் போய்ப் பெயரைக் கொடுக்கலாம்.

"கண்ணை மூடிக்கிட்டு சாட்சி சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். நமக்கு வேண்டியது திறந்து வெச்சிருக்கிறவன்," என்பார் மாஸ்டர்.

வருகிறவர்கள் பயந்து நடுங்குவார்கள். வாந்தி எடுத்தவர்கள் உண்டு. கொலைக் கேசெல்லாம் பார்த்த ஓர் ஆசாமி அம்மாவைக் கூப்பிட்ட கதையை அங்கே இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் மட்டும் இத்தனை வருஷமும் பயந்ததில்லை. இந்த வருஷம் பயந்தார்.

முதலில் அது பக்கெட்டில் தெரிந்தது. வீட்டு வாசலில் குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்துவிட்டு நின்றார். அடுத்த கணம் தண்ணீர் வழிந்து கால் நனைந்திருந்தது. பக்கெட் நிரம்பினதை அவர் பார்க்கவே இல்லை. சரி, ஏதோ யோசனை என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் ஏழெட்டு ஹாரன் அலறியது. விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நடுவில் கொஞ்ச நேரம் ஆளில்லை. சினிமாப் படச்சுருளில் ஒரு துண்டை வெட்டிவிட்டு ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை, வலியும் இல்லை. கொஞ்ச நேரம் காணாமல் போய்விட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? அவரும் கத்தவில்லை. டிரைவருக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார்கள். அப்புறம் கேட்டருகே நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். வண்டியைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. அந்த வெட்டுப்பட்ட துண்டுக்குள் யாராவது வந்து நின்றால்? கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்குமே. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

இது போதாதென்று வீட்டில் ஒரு தொல்லை. அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். காலையில் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் அவளைக் கடையில் இறக்கிவிட்டு அவர் பள்ளிக்குப் போவார், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். கல்யாணமான நாளிலிருந்து பைக்கில் வாய் திறக்காத பெண். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவரே கேலி செய்திருக்கிறார். அப்பேர்ப்பட்டவள் கொஞ்ச மாதமாக வண்டியில் ஏறினால் இறங்கும்வரை ஓயாமல் பேசினாள்.

"என்னங்க, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"ஏன், உனக்குக் கண்ணு இல்லையா?"

"கண்ணாடி வீட்டுல இருக்கு. சொல்லுங்க. இன்னிக்கு என்ன கிழமை? நம்ம பொண்ணு வீட்டு மாடிக்கு எத்தனை படி? முன்னாடி போற லாரி என்ன கலர்?"

பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானால் விலாவில் ஒரு விரலால் குத்துவாள். சுளீரென்று இருக்கும். "வயசாக ஆக எங்க வீட்டு அம்மாவுக்கு வாய் நீளுதும்மா," என்று ஆபீஸ் அக்காவிடம் அவர் புலம்பினார். "பேசுறவங்க இருக்கிற வரைக்கும் புண்ணியம் அண்ணே," என்றாள் அக்கா, சீல் வைத்துக்கொண்டே. தன் தலைவலி தனக்கு என்று அவரும் விட்டுவிட்டார்.

சேர்க்கை நாள் வந்தது. பன்னிரண்டு பேர். ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பெல்ட்டைத் தானே இழுத்துச் சரிபார்த்தார். வழக்கமாக அவர் அதைச் செய்வதில்லை. இந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பக்கத்து சீட்டுக்காரர்கள் தங்கள் பயத்தில் இருந்ததால் அவருடைய பயத்தைப் பார்க்கவில்லை.

பதினோராவதாக ஏறியது ஒரு பெண் கான்ஸ்டபிள். ஒல்லி, காதில் ஒரு பொட்டுத் தோடு, இடுப்பில் சொந்தமாக ஓர் அளவு டேப். மற்றவர்கள் ஏற்கெனவே அவளுக்கு டேப் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு வருஷம் நாற்சந்தியில் நின்று கை காட்டியவள். நடுரோட்டில் துணி போர்த்திய உடல்களுக்குப் பக்கத்தில் நின்று கூட்டத்தை விலக்கியவள். என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாமல் நின்றுகொண்டிருக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்து வந்தவள்.

"அண்ணே, எங்க பிரேக் போடுவீங்கன்னு சாடைகூட காட்டாதீங்க," என்றாள்.

"காட்டினா உனக்குத்தானேம்மா நல்லது?"

"ரோட்டுல யாரும் காட்ட மாட்டாங்களே அண்ணே."

பிரேக் விழுந்தது. டேப் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பயமாத்தான் இருந்துச்சு," என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுப் பெயரைக் கொடுக்கப் போனாள். அன்றைக்குப் பன்னிரண்டு பேரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். சடன் பிரேக் கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

வகுப்புகள் ஓடின. கடைசியில் செய்முறைத் தேர்வு. இதில் தேறினால் சான்றிதழ். தவறினால் அந்தப் படிப்புக்கு மறுபடி பதிவு செய்ய முடியாது, ஸ்டேஷனுக்குத் திரும்பிப் பழைய வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

தேர்வு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது விளங்காது. ரோட்டில் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு. அதைத் தாண்டி வெகுதூரத்தில், ரோட்டோரமாக ஒரு பிளைவுட் பலகை. பலகைக்குப் பின்னால் மாஸ்டர் ஒரு சிவப்புப் பந்தோடு குந்தியிருப்பார். காரின் முன்சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தொட்டதும் பலகையின் ஓட்டை வழியாகப் பார்த்துப் பந்தை ரோட்டுக்குள் உதைப்பார். சடன் பிரேக் அதைப் பார்த்ததும் மிதிக்க வேண்டும். படிக்க வந்தவர்கள் இதைப் பார்க்கக் கூடாது. விபத்தை யார் முன்கூட்டி வந்து பார்க்கிறார்கள்? வகுப்பறைக்குள் அடைத்து வைத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு கூட்டி வருவார்கள். தடத்தின் நீளத்தை வைத்து வேகத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கோட்டுக்கும் தடம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தை வைத்து, பந்தைப் பார்த்து மிதிக்க ஓட்டுநருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. சடன் பிரேக்குக்கு ஒரு விநாடி. என்றைக்கும் ஒரு விநாடி. பழைய செட்டு புதிய செட்டுக்கு இதைக் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போகும். மாஸ்டருக்கும் தெரியும், அவரும் விடையை அப்படித்தான் போட்டு வைத்திருப்பார். சூரியன் கிழக்கே உதிக்கும், சடன் பிரேக் ஒரு விநாடியில் மிதிப்பார். முதல் வகுப்பில் "ஆளை நம்பாதே, தடத்தை நம்பு" என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதுகிற மனிதரும் அவர்தான். என்னத்தைச் சொல்ல.

அன்றைக்கு மாஸ்டர் கொஞ்சம் கூடுதல் வேகம் கேட்டிருந்தார். சடன் பிரேக் காரைக் கிளப்பினார். வேகமுள் ஏறியது. வெள்ளைக்கோட்டை முன்சக்கரம் தொட்டது தெரிந்தது. பலகைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒன்று வெளியே வந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு தெரியவில்லை.

மறுபடி தெரிந்தபோது பந்து எதிர்ப்பக்கப் புல்லில் கிடந்தது. கார் ஓரத்துக்கு விலகியிருந்தது, பலகை மூஞ்சிக்கு நேரே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று நினைப்பதற்குள் கால் மிதித்துவிட்டது. டயர் அலறியது. ரப்பர் கருகின புகை உள்ளே வந்தது. கார் பலகைக்குச் சற்று முன்னால் நின்றது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை, விரல்கள் கழுத்தை நெரிப்பது போல அதைப் பிடித்திருந்தன.

மாஸ்டர் காதிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். டயர் சத்தம் அவருக்கு ஆகாது. பந்தை உதைத்ததும் காதைப் பொத்திக்கொண்டு பலகைக்குப் பின்னால் குனிந்துகொள்வது அவர் வழக்கம். எப்போது மிதித்தார், எவ்வளவு நேரம் கழித்து மிதித்தார் என்று அவர் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

"இன்னிக்கு ஜோரா வந்துட்டீரு. பக்கத்துல வந்து நிக்குது," என்று பானெட்டைத் தட்டினார்.

"நீங்க கேட்ட வேகம்தான் மாஸ்டர்," என்றார் சடன் பிரேக்.

பன்னிரண்டு பேரும் வந்து அளந்தார்கள். காரின் நிழலில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தடத்தைத்தான் எல்லோரும் மாய்ந்து மாய்ந்து அளந்தார்கள். வெள்ளைக்கோட்டின் பக்கம் யாரும் திரும்பவில்லை. அவருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. அப்போதுதான் டேப் தரையில் படுத்தாள்.

பிரேக் பிடித்ததும் கரி அப்பினாற்போலத் தடம் விழாது. முதலில் மங்கலாக ஒரு நிழல் விழும், பிறகுதான் கறுக்கும். நின்று பார்த்தால் அந்த நிழல்தடம் தெரியாது. கன்னத்தைத் தாரில் வைத்துப் பார்க்க வேண்டும். டேப் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஊர்ந்து ஊர்ந்து பின்னால் போனாள். ஓர் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தாள். எழுந்து, அங்கிருந்து வெள்ளைக்கோடுவரை டேப்பை இழுத்தாள். அளவைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு தலையைத் தூக்கி நேராகச் சடன் பிரேக்கைப் பார்த்தாள். அவர் காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் மழை கொட்டியது. சடன் பிரேக் ஆபீஸ் அக்காவின் ஜன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்றபோது, பக்கத்து அறையில் மாஸ்டரின் குரல் கேட்டது. அது கேட்காத இடம்தான் பள்ளியில் ஏது?

"எல்லாருக்கும் ஒரு விநாடி வருது. உனக்கு மட்டும் ரெண்டரை. நம்ம சடன் பிரேக் என்ன, ரோட்டுல தூங்கிக்கிட்டா வந்தாரு?"

யாரோ சிரித்தார்கள்.

"நிழல்தடத்தை விட்டுட்ட நீ. நடுவுல இருந்து அளந்திருக்க."

"விடல மாஸ்டர். படுத்துப் பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன்."

"அப்ப ஒரு விநாடின்னு மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் போ. வேகத்தைச் சரியாத்தான் போட்டிருக்க, நான் பாஸ் போட்டுடறேன்."



"கோர்ட்டுல நின்னா அப்படி மாத்தி எழுதலாமா மாஸ்டர்?"

தொண்டை பெரிய மனிதருக்குக் கோபம்தான் வந்தது. மழையில் தடம் கழுவிப் போய்விட்டது, திரும்ப அளக்கவும் வழியில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார். நாளைக் காலையில் இன்னொரு ஓட்டம். டேப்பே காரில் சடன் பிரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தைப் பார்க்கட்டும். ஒரு விநாடி வந்தால் அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியது.

ஆபீஸ் அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பாவம் அண்ணே அந்தப் பொண்ணு. பதினோரு சான்றிதழ் சீல் வெச்சு ரெடியா இருக்கு, அவளோடது மட்டும் சும்மா கிடக்கு. நாளைக்கு நீங்க கொஞ்சம் மெதுவா மிதிச்சாத்தான் என்ன?"

அவர் சிரித்ததாகப் பேர் பண்ணினார். மெதுவாக மிதிப்பது அவர் கையில் இல்லை, வேகமாக மிதிப்பதும் அவர் கையில் இல்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு அது வராவிட்டால் அந்தப் பெண் பொய்க்காரி ஆவாள். வந்தால் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எப்படிப் புரட்டிப் போட்டாலும் அடி அவளுக்குத்தான்.

ஈர ரோட்டில் பைக் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார். பின்னால் மனைவி வழக்கம்போல ஆரம்பித்தாள். முன்னாடி போற பஸ் என்ன நம்பர், குடை வைத்திருக்கிறவர் என்ன சட்டை. "கொஞ்ச நேரம் சும்மா வரியா," என்று எரிந்து விழுந்தார். அவள் சும்மா வரவில்லை. தோளில் கையை வைத்துக்கொண்டு, பஸ் நம்பரைத் திரும்பக் கேட்டாள்.

காலையில் ரோடு காய்ந்திருந்தது. மாஸ்டர் பந்தை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் போனார். மற்ற பதினொருவரும் கேட்டுக்கு வெளியே வேடிக்கை பார்க்க நின்றார்கள். டேப் வந்து பக்கத்து சீட்டுக் கதவைத் தூக்கிச் சாத்தினாள். பெல்ட்டை மாட்டினாள். முதல் தடவை கொக்கி பொருந்தவில்லை. மடியில் ஸ்டாப்வாட்ச்.

சடன் பிரேக் சாவியைத் திருகினார். என்ஜின் உறுமியது. தூரத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தது, அதற்கும் அப்பால் பலகை.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு அண்ணே."

"சேர்ந்த அன்னிக்கு உட்கார்ந்த வண்டிதானே?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது." அவள் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "நான் அளந்தது சரின்னா இந்த வண்டியில நான் உட்காரவே கூடாது. ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன்."

"அப்புறம் ஏன் வந்து உட்கார்ந்த?"

"நான் உட்காரலைன்னா நீங்க தனியா ஓட்டுவீங்க. அடுத்த செட்டுல வேற யாராவது உட்காருவாங்க." மடியிலிருந்த ஸ்டாப்வாட்சைத் திருப்பி வைத்தாள். "நான் அளந்தது தப்பா இருந்தா நல்லதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன் அண்ணே. நிஜமாத்தான். சான்றிதழ் போனாப் போகுது."

கியரின் மேல் இருந்த அவர் கை அப்படியே நின்றது. தூரத்தில் மாஸ்டர் பலகைக்கு மேலே தலையைத் தூக்கி, வாரும் வாரும் என்று கை காட்டினார். நரைத்த தலை. பேரன் பேத்தி எடுத்தவர். பிளைவுட் என்ன, கார் வந்தால் அப்பளம்தான். நேற்று அந்தத் தலை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று சடன் பிரேக்குக்கு இப்போதுதான் முழுசாக உறைத்தது. சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார்.

"நீ அளந்தது சரிம்மா," என்றார். சாவியை உருவி அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கினார்.

பலகைவரை நடந்து போனார். மாஸ்டரிடம் சொன்னார். பக்கெட்டைச் சொன்னார், சிக்னலைச் சொன்னார், நேற்றுப் பந்து புல்லுக்குப் போனதைச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்த மாதங்களையெல்லாம் சொன்னார். மாஸ்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். மாஸ்டர் பலகையைப் பார்த்தார், அதன் பின்னால் தான் குந்துகிற இடத்தில் தேய்ந்துபோயிருந்த புல்லைப் பார்த்தார். பிறகு பந்தின் மேலேயே உட்காரப் போய், அது உருண்டுவிட, தரையில் உட்கார்ந்தார்.

"உம்ம வண்டிக்கு முன்னாடி காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேனேய்யா," என்றார் மெதுவாக. உருண்ட பந்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "உம்ம மேல தப்பில்லைன்னு சொல்ல மாட்டேன். சொல்லியிருக்கணும் நீர். ஆனா அளக்காம விடை போட்டவன் நான்," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. டேப்பின் சான்றிதழில் மாஸ்டர் அங்கேயே, காரின் பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மீதிப் பதினொரு சான்றிதழ்களையும் கிழிக்கச் சொன்னார். ஒருவர்கூட வெள்ளைக்கோட்டுப் பக்கம் டேப்பை இழுக்கவில்லையே, எப்படிப் பாஸ் போடுவது? வேறு டிரைவர் வரட்டும், எல்லோரும் முதலிலிருந்து அளக்கட்டும். "சீல் வெச்சு அடுக்கினேனே, இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா," என்று ஆபீஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். விஷயம் என்னவென்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். சடன் பிரேக்குக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டரிடம் மறுநாள் போவதற்குச் சீட்டு எழுதினார்கள். பைக் சாவியையும் மாஸ்டர் வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அவர் நடந்தே மருந்துக்கடைக்குப் போனார். இருபது வருஷமாகப் போகிற வழிதான், ஆனால் நடந்து போனதில்லை. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டிகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் இருக்கிறானா, இல்லை கொஞ்ச நேரம் எங்காவது போயிருக்கிறானா என்று யாருக்குத் தெரியும்? அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்ற பயம் வேறு. மாஸ்டரிடம் சொன்னது சுலபம், அவர் ஒரு நாள் பலகைக்குப் பின்னால் இருந்தவர். இவள் தினமும் முதுகுக்குப் பின்னால் இருந்தவள். இவளை ஏற்றிக்கொண்டு எத்தனை லாரிகளுக்கு நடுவே புகுந்திருக்கிறார். அதையெல்லாம் தெரிந்துகொண்டே செய்ததாக எந்த வாயால் சொல்வது?

கடை மூடும் நேரம். அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் பைக்கைத் தேடினாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பைக்கைத் தேடினாள்.

"வண்டி எங்க?"

"ஸ்கூல்ல வெச்சுட்டேன். இனிமே ஓட்டல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு அப்பப்ப, கொஞ்ச நேரம், என்ன நடக்குதுன்னே..."

"தெரியும்," என்றாள்.

அவர் தலையைத் தூக்கினார்.

"பக்கெட் வழிஞ்ச அன்னிக்கு ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். உங்களுக்குக் காதுல விழல. அப்புறம் சிக்னல்ல பின்னாடி நான்தானே உட்கார்ந்திருந்தேன்." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கேட்டா சண்டைக்கு வருவீங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னா வர மாட்டீங்க. அதான் பேசிக்கிட்டே வந்தேன். பதில் வந்தா இருக்கீங்க. வரலைன்னா குத்துவேன்."

அவருக்கு விலாவில் அந்த விரல் பட்ட இடம் இப்போதும் வலித்தது போல இருந்தது.

"பயமா இல்லையாடி உனக்கு?"

"செத்துச் செத்துப் பொழைச்சேன் தினமும்."

"அப்புறம் ஏன் ஏறின? பஸ்ஸுல போயிருக்கலாமே."

"நான் ஏறலைன்னா உங்களை யார் குத்துறது?"

பஸ் நிறுத்தம்வரை இரண்டு பேரும் நடந்தார்கள். அவர் என்னென்னவோ சொல்ல நினைத்தார். கேட்டருகே நாற்காலி, நாளைக்கு டாக்டர், டேப் என்ற பெண்ணைப் பற்றி. பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வெளியே கடை போர்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் ஒரு லாரி போயிற்று. அது என்ன கலர் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, மடியில் ஹெல்மெட்டை அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.